கடலில் முக்கிய இரும்பு

ஆகஸ்டு முதல் தேதி விடியும்போதே ஒபதியாவுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. வருஷா வருஷம் அதே தேதியில் தவறாமல் வரும் வலி என்பதால் அவன் மனைவி ஜூபா கஷாயம் எதுவும் வைக்கவில்லை.

"எந்திரி. இந்த வருஷம் உன் முறை."

"உசுரு போகுது ஜூபா."

"கோயிலுக்குப் போயிட்டு அப்புறமா போகட்டும்."

ஜமைக்காவின் அந்தக் கடலோரக் கிறிஸ்தவ சபையில், அடிமைகள் விடுதலையான அந்த நாளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அடிமைக் காலத்தில் இரும்பு வளையம் சுமந்தவர் ஒருவர், அதே வளையத்தைக் கழுத்தில் பூட்டிக்கொண்டு முன்னால் உட்கார வேண்டும். பாட்டு கடைசி அடிக்கு வரும்போது சடங்குக்கென்று பிற்பாடு வைத்த பூட்டை டீக்கன் சைரஸ் சாவி போட்டுத் திறப்பார். அடிமைத்தனம் செத்ததற்கு அடையாளமாக முன்னால் வைத்திருக்கும் சவப்பெட்டிக்குள் வளையம் விழும். அல்லேலூயா! பிறகு வாழைக்காயும் உப்பு மீனும்.

ஒபதியா சவுக்கடியைக்கூடச் சிரிப்புக் கதையாக்கிச் சொல்லக்கூடியவன். அந்த வளையத்தைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. தோட்டத்தைவிட்டு ஓடிப்போய்ப் பிடிபட்டபோது அவன் கழுத்தில் ஏறியது அது. போதாததற்கு இந்த வருஷம் ஜமைக்கா முழுக்க ஒரு வதந்தி வேறு: துரைமார் மறுபடி அடிமைச் சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம், துறைமுகத்தில் சிப்பாய்கள் இறங்கியிருக்கிறார்களாம்.

"பூட்டுன நேரம் பாத்து அவனுங்க வந்துட்டா?" என்றான்.

"நாங்க அத்தன பேரும் அங்கதானே இருப்போம்? கிளம்புய்யா."

வளையம் கழுத்தில் 'க்ளக்' என்று விழுந்தது. இரும்பின் குளிர்ச்சி அப்படியே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கர்த்தரை நினைக்கப் பார்த்தான். துரையின் பூட்ஸ்தான் நினைவுக்கு வந்தது. பாட்டு கடைசி அடிக்கு வந்தது. சைரஸ் சாவியைத் திருகினார். திருகினார். சபை அந்த அடியையே மறுபடி பாடியது. சாவி பல்லுடைந்து கையோடு வந்தது.

"என்ன பிரதர்?" என்றான் ஒபதியா.

சைரஸ் குனிந்து கிசுகிசுத்தார். "போன ஞானஸ்நானத்தன்னிக்கு இதையும் கடல்ல முக்கி எடுத்தேன் பிரதர். பிசாசு ஓடட்டும்னு."

"பிசாசு ஓடிருச்சு. துரு குடிவந்துருச்சு." வழக்கமான ஒபதியாவின் பேச்சுதான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

கொல்லனைக் கூட்டிவர ஆள் ஓடியது. ஒபதியா வளையத்துக்குள் விரல்விட்டு இழுத்தான். மூச்சு முட்டியது. ஜூபா அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே குளம்புச் சத்தம். பாட்டு நின்றது. யாரோ சன்னலைச் சாத்தினார்கள். சிப்பாய்கள்! வளையம் தயாராகக் கழுத்திலேயே இருக்கிறது. சங்கிலி மாட்டுவதுதான் பாக்கி என்று ஒபதியா நினைத்துக்கொண்டான்.

கதவு திறந்தது. கோவேறு கழுதையை வெளியே விட்டுவிட்டு, சுத்தியலும் உளியுமாக வாசலில் நின்றான் கொல்லன் குவாக்கோ. விடுதலை வந்த நாளிலிருந்து கோயில் படி ஏறாதவன். துரை சொல்லச் சொல்ல அந்தத் தோட்டத்துக் கழுத்துகளுக்கெல்லாம் வளையம் பூட்டியவன் அவன்தான். அவனும் அடிமைதான், சொன்னதைச் செய்யாவிட்டால் அவன் முதுகு உரிந்திருக்கும்.

ஒபதியாவுக்குச் சிப்பாய்களே வந்திருக்கலாம் போலிருந்தது.

"வாசக்கல்லுல தலைய வையி," என்றான் குவாக்கோ. உள்ளே வரவில்லை.

ஒபதியா தவழ்ந்துபோய்க் கன்னத்தைக் கல்லில் வைத்தான். அன்றும் இப்படித்தான், ஒரு கல்லின்மேல் தலையை வைத்துத்தான் வளையத்தில் ஆணி அடித்து இறுக்கினான் குவாக்கோ. காதுக்குப் பக்கத்தில் உளி உட்கார்ந்தது. உளி கடகடவென்று ஆடியது.

"யோவ், கை நடுங்காம அடிய்யா! அன்னிக்கு மட்டும் நல்லா அடிச்சே?"

"அன்னிக்கும் நடுங்குச்சு," என்றான் குவாக்கோ. "நீ கண்ண மூடிட்டிருந்தே."

ஒபதியா கண்ணைத் திறந்தான். குவாக்கோவின் தாடியில் வியர்வையா கண்ணீரா தெரியாமல் ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப தொறந்துதான் வெச்சிருக்கேன். அடி."

ஒரே அடி. கீல் தெறித்தது. சபை மூச்சு விட்டது. எங்கோ ஒரு கிழவர் சுருதி சேராமல் கடைசி அடியைப் பாட ஆரம்பித்தார்.

குவாக்கோ சுத்தியலை எடுத்துக்கொண்டு திரும்பினான். ஒபதியா இன்னும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"எங்கய்யா போறே? பாட்டு முடியல."

"நான் உள்ள வரலாமா?"

"ரெண்டு தடவ கழுத்தக் குடுத்தவன், பெஞ்சுல ஒரு எடம் குடுக்க மாட்டேனா? வா. ஆனா அந்த உளிய வெளிய வெச்சுட்டு வா, பயமா இருக்கு."