கோழிக்கூடு எண் பதினொன்று

எங்கள் ஊரில் ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது. கதவுக்கு ஒரு குடும்பமாக இருபத்தேழு கதவுகள், ஒரே கூரை, முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரே நீளக் கூடம். ஆற்றங்கரைப் பழங்குடிகளான ஈபான்கள் நாங்கள் இப்படித்தான் வாழ்கிறோம். ஒரு கோடியில் தும்மினால் மறுகோடியிலிருந்து திட்டு விழும். இதெல்லாம் பெருமை என்று நினைத்துக்கொண்டு எங்கள் தலைவர் எங்காமாட், இணைய வாரியத்தின் படிவத்தில் ‘மொத்த வீடுகள்’ என்ற இடத்தில் ‘ஒன்று’ என்று எழுதி அனுப்பினார். இருபது வீடுகளாவது இருந்தால்தான் கிராமம், ஒற்றை வீட்டுக்கெல்லாம் சிக்னல் கோபுரம் கிடையாது என்று பதில் வந்தது.

“இருபத்தேழுன்னு எழுதியிருந்தா உங்க கை தேஞ்சா போயிருக்கும்?” என்று கேட்டேன்.

“வீட்டைப் பிரிச்சு எழுதுனா வீடு பிரிஞ்சிடும்டா. அது என் கையால நடக்காது.”

நான் உன்சாத். இந்த ஆற்றில் படகு ஓட்டுகிறவன். எனக்குச் சட்டென்று கோபம் வரும், ஆனால் இந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. என் மனைவி ஜாவாய்க்கு நாற்பத்து மூன்று வயதாகியும் அடையாள அட்டை இல்லை. மலை வயல் குடிசையில், வெள்ளக் காலத்தில் பிறந்தவள். வெள்ளம் வடிந்து அவள் அப்பா பதிவு செய்யக் கிளம்பியபோது பிறந்த தேதியே அவருக்கு மறந்து போயிருந்தது. அன்றிலிருந்து எங்கே போனாலும் அவளை மேலும் கீழும் பார்த்து, “யார் நீ? அட்டை இருக்கா?” என்பார்கள். அவள் அக்கா மெங்கா கல்யாணமாகிக் கடல் தாண்டி ஜொகூருக்குப் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அட்டை இல்லாமல் விமானத்தில் ஏற முடியாது. அதனால் பார்க்கவும் முடியவில்லை.

இந்த வருஷம்தான் பதிவு அலுவலகம் இறங்கி வந்தது. ஆற்றின் மேல்பகுதியில் அட்டை இல்லாத ஆட்களை வீடியோவில் விசாரித்து அட்டை தருவார்களாம். ஒரே நிபந்தனை, அவரவர் வீட்டிலிருந்து பேச வேண்டும். தவறவிட்டால் அடுத்த விசாரணை எப்போது என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே இடம், இரண்டு மணி நேரம் ஏறிப் போக வேண்டிய மலை உச்சி. அங்கே யாருக்கு வீடு இருக்கிறது?

அடுத்த மாதம் வாரியம் தானாகவே மனம் மாறியது. வானத்திலிருந்து படம் எடுத்துக் கூரைகளை எண்ணிப் பார்த்ததில் சரியாக இருபது வீடுகள் வந்ததாம். கோபுரம் முளைத்தது. பிறகு சுல்ஃபட்லி என்ற பொறியாளர் இருபது இணையப் பெட்டிகளோடு என் படகில் வந்து இறங்கினார். எங்கள் வீட்டை ஏறெடுத்தும் பார்க்காமல் பின்பக்கம் போனார். முதல் கோழிக்கூட்டின் முன்னால் நின்று ‘வீடு எண் 1’ என்று ஒரு தாளை ஒட்டினார்.

“தம்பி, அது கோழிக்கூடு” என்றேன்.

“தெரியுதுண்ணே. வரைபடத்துல வீடுன்னு இருக்கு.”

“அப்போ நாங்க இருக்கிறது?”

அவர் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். “நூத்தி இருபது மீட்டர் நீளம். கிடங்குன்னு போட்டிருக்கு. கிடங்குக்கு இணைப்பு கிடையாதுண்ணே.”

“மாத்தி எழுதிடேன்.”

“எழுதலாம். அப்புறம் ஊர்ல வீடு ஒண்ணுன்னு ஆயிடும். கோபுரத்தைக் கழட்டிட்டுப் போகச் சொல்வாங்க.”

தலைவர் எங்காமாட் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். “கோழிங்களாவது நல்லா இருக்கட்டும். நீ மாட்டுப்பா” என்றார்.

இப்படியாகப் பன்னிரண்டு கோழிக்கூடு, ஐந்து பன்றிக்கொட்டில், மூன்று நெற்குதிர், எல்லாவற்றுக்கும் அதிவேக இணையம் வந்து சேர்ந்தது. பெட்டிக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். இடம் மாற்றினால் இணைப்பு போய்விடும். தகரச் சுவரைத் தாண்டி சிக்னல் வெளியே வராது. ஒரே வாரத்தில் ஊரே கூடுகளுக்குள் குடியேறிவிட்டது. தலைவரின் மனைவி பன்றிக்கொட்டிலில் பாய் விரித்து நாடகம் பார்த்தாள். இடம் பறிபோன கோழிகள் தூண்மேல் நிற்கிற எங்கள் வீட்டுக்கு வரிசையாக ஏணி ஏறி வந்து, சாயங்காலம் நாங்கள் உட்கார்ந்து பேசுகிற கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தன.

வாரியத்திலிருந்து கூப்பிட்டு, எத்தனை வீடுகளில் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டார்கள்.

“எல்லா வீட்லயும்தாங்க” என்றார் தலைவர். “முட்டைதான் குறைஞ்சு போச்சு.”

விசாரணை நாள் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. எங்கள் கோழிக்கூடு பதினோராம் எண். ஜாவாய் திருவிழாவுக்கு உடுத்துகிற நெய்த மேலாடையைப் போட்டுக்கொண்டு, கவிழ்த்த நெல்கூடையின் மேல் உட்கார்ந்தாள். நிமிர்ந்தால் தலை இடிக்கும். கோழிகளையும் என் சண்டைச் சேவலையும் கூடத்திலிருந்து யார் துரத்தினார்களோ, அன்று பார்த்து எல்லாம் திரும்பி வந்து கூட்டில் அடைந்துகொண்டன. நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

திரையில் கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அம்மாள் வந்தார். “இது உங்க வீடுதானா?”

ஜாவாய்க்குப் பொய் வராது. எனக்கு உயிரே போய்விட்டது.

“பதினோராம் நம்பர் வீடும்மா. வெளியில ஒட்டியிருக்காங்க.”

“கூட யார் யார் இருக்காங்க?”

“ஒரு சேவல், ஒன்பது பெட்டை.”

அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். “மனுஷங்க?”

“நான் மட்டுந்தாம்மா.”

“நீங்கதான் ஜாவாய்னு சொல்ல யாராவது இருக்காங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள், ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஊர் முழுக்கக் கூட்டைச் சூழ்ந்துகொண்டது. தகரம் நெளிந்தது. முட்டை எடுக்கிற ஓட்டை வழியாகத் தலைவர் தலையை நுழைத்தார்.

“இவ பொறந்த வெள்ளத்துல அரிசி கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். இவ ஜாவாய் இல்லேன்னா நான் எங்காமாட் இல்ல!”

“இவ்வளவு பேர் எங்கேருந்து வந்தாங்க?”

“எங்கேருந்தும் வரலம்மா. எல்லாம் ஒரே வீடுதான்.”

அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சேவல் கூவியது. விசாரணை முடிந்தது.

இரண்டு மாதத்தில் அட்டை தயாரானது. வாங்கி வரும்போது படகில் ஜாவாய் அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். முகத்தில் தெறித்த தண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை. முகவரி: வீடு எண் 11. நான் ஆற்றைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டு அழுதேன்.

அதே நாள் ஊரில் மற்ற எல்லாருக்கும் பதிவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. உங்கள் முகவரி கிடங்கு என்று தெரியவருகிறது, கிடங்கில் மனிதர் வசிக்க அனுமதி இல்லை, பதிவான வீட்டின் தலைவர் ஒருவரிடம் வசிப்புச் சான்று வாங்கி ஒரு மாதத்துக்குள் அனுப்பவும் என்று இருந்தது. ஊரில் பதிவான வீட்டுத் தலைவர் என்று ஒரே ஓர் ஆள்தான் உண்டு.

மறுநாள் காலை கோழிக்கூட்டின் முன்னால் அறுபது பேர் வரிசையில் நின்றோம். ஜாவாய் மேலாடையில் அட்டையைக் குத்திக்கொண்டு நெல்கூடையில் உட்கார்ந்திருந்தாள். என் முறை வந்தது. குனிந்தேன்.

“பேரு?”

“ஏய், நான்தாண்டி.”

“பேரு?”

“உன்சாத்.”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். “யார் நீ? அட்டை இருக்கா?”

பையைத் தடவினேன். “வீட்ல இருக்கு.”

“எந்த வீட்ல?”

கை காட்டினேன்.

“அது கிடங்கு” என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது. “நாளைக்கு நான் அக்காவைப் பார்க்க ஜொகூர் போறேன். உங்களுக்குத்தான் ஒரு மாசம் இருக்கே. வந்து விசாரிக்கிறேன்.”

அவள் போய் வரும்வரை நான் கோழிகளோடு கிடங்கில்தான் படுத்திருந்தேன்.