தோளைத் தொடும் வரை

காப்பர் ஹெரன் சூதாட்ட விடுதியில் ஆட்டத்தை நடத்தும் டீலர் தன் மேசையைத் தானாக விட்டுப் போக முடியாது. வயிற்றைக் கலக்கினாலும் முடியாது, மூக்கிலிருந்து ரத்தம் வந்தாலும் முடியாது. அவருக்கு முன்னால் தட்டில் பணத்துக்கு ஈடான சில்லுகள் திறந்து கிடக்கின்றன; சில மேசைகளில் அது ஒரு வீட்டின் விலை. அவர் இடத்தில் நிற்க வரும் ரிலீஃப் டீலர் பின்னால் வந்து தோளைத் தொட வேண்டும். தொட்டதும், நடக்கிற ஆட்டத்தை முடித்து, இரண்டு கைகளையும் ஒருமுறை தட்டி, உள்ளங்கைகளை விரித்து, கவிழ்த்து, கூரையிலிருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும். எதையும் எடுத்துப் போகவில்லை என்று பொருள். அதற்குப் பிறகுதான் கால்கள் நம்முடையவை.

நெனிதா பலுயோட்டுக்கு இது உடம்பில் ஊறிப்போயிருந்தது. வீட்டில் சோற்றைப் போட்டு முடித்ததும் கையைத் தட்டி விரித்துக் காட்டுவாள். கூரையில் யார் இருக்கிறார்கள் என்று அவள் கணவன் ரோடெல் அண்ணாந்து பார்ப்பான்.

அந்த வசந்தத்தில் அவளுடைய இடது நுரையீரலில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் சிகரெட் என்று டாக்டர் கேட்டார். வாழ்நாளில் ஒன்றுகூடப் பிடித்ததில்லை என்றாள். டாக்டர் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எனக்கு எதிர்ல உக்காந்தவங்க பிடிச்சாங்க டாக்டர்," என்றாள்.

சீட்டுப் போடுகிறவள் முகத்துக்கு வருகிற புகையைக் கையால் விசிறக்கூடாது. கை மேசையை விட்டு எழும்பினால் கேமராவுக்குச் சந்தேகம் வரும். அதனால் இத்தனை வருடங்களாக அவள் உதட்டை மூடி, மூச்சைச் சிறிதாக்கி, புகை தானாக விலகும் வரை புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் முதல் வாரத்தில் நாள் கொடுத்திருந்தார்கள். செலவு இன்சூரன்ஸில் போகும். இன்சூரன்ஸ் வேலையோடு வருவது, அதுவும் முழுநேர வேலைக்கு மட்டும். ரோடெல் விமான நிலையத்துக்கு வேன் ஓட்டுகிறான். அவன் வேனுக்குக் காப்பீடு உண்டு, அவனுக்குக் கிடையாது.

கட்டி தெரிந்த அதே சமயத்தில்தான் காப்பர் ஹெரனைப் புதியவர்கள் வாங்கினார்கள். வாங்கியதும் தரைவிரிப்பை மாற்றினார்கள். பிறகு டீலர்களை ஒவ்வொருவராக 'கூப்பிட்டால் வேலை' என்ற வகைக்கு மாற்றத் தொடங்கினார்கள். காலையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கூப்பிட்டால் போகலாம். கூப்பிடாத வாரங்கள் சேரச் சேர இன்சூரன்ஸ் சத்தமில்லாமல் போய்விடும்.

இந்த ஊரில் சமையல்காரர்களுக்கும் அறை சுத்தம் செய்கிறவர்களுக்கும் எப்போதோ சங்கம் வந்துவிட்டது. எங்கள் கட்டடத்திலும் அப்படித்தான். டீலர்களான எங்களுக்கு மட்டும் இல்லை. நாங்கள் கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு, கொஞ்சம் மேலானவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அல்மாஸ்தான் அந்த நினைப்பைப் போட்டு உடைத்தாள். பக்கத்து மேசையில் நிற்கும் எத்தியோப்பியக்காரி, நெனிதாவைவிட இரண்டு வயது இளையவள். ஆட்கள் இல்லாத மதிய நேரங்களில், சீட்டுகளை விசிறி போல மேசையில் விரித்து வைத்து, காலி நாற்காலிகளைப் பார்த்துச் சிரித்தபடியே உதடு அசையாமல் பேசுவாள். கேமராவுக்குக் கண் உண்டு, காது கிடையாது.

"தட்டு கழுவுற பையனுக்குக் குடல்வால் எடுத்தாங்க. அஞ்சு பைசா செலவு இல்ல," என்று ஒருநாள் சொன்னாள். "நம்ம வயித்தை நாமளே கிழிச்சுக்கணும் போல."

டீலர்களுக்கும் சங்கம் வேண்டும் என்று கேட்கும் அட்டையில் பாதிப்பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நெனிதாவும் போட்டாள். அதற்கு அடுத்த வாரம் அல்மாஸை வேலையை விட்டு நீக்கினார்கள். மேசையில் நிற்கும்போது, கையைத் தட்டிக் காட்டாமலே கழுத்தைச் சொறிந்துவிட்டாள் என்பது குற்றம். நாங்கள் எல்லோருமே என்றோ ஒருநாள் கழுத்தைச் சொறிந்தவர்கள்தான். யாருடைய கழுத்தைப் பார்ப்பது என்பது அவர்கள் கையில் இருந்தது.

போல்டர் சாலையில் ஒரு காலைச் சிற்றுண்டிக் கடையில் கூடிப் பேசினோம். சங்கத்திலிருந்து வந்தவர் சட்டத்தைச் சொன்னார்: தனியாகப் போய்க் கேட்டால் அது புகார், எல்லோரும் சேர்ந்து போய்க் கேட்டால் அது உரிமை. வெள்ளிக்கிழமை பிற்பகல், பகல் ஷிப்டில் மேசைகளில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கைதட்டி, மேலாளர் ஹோல்ப்ரூக்கின் அறைக்கு நடந்து போவது என்று முடிவாயிற்று. அல்மாஸைத் திரும்ப எடுக்க வேண்டும், முழுநேர வேலையில் கை வைக்கக்கூடாது. ஹாலில் கடிகாரம் கிடையாது என்பதால், ரூலெட் சக்கரம் சுழற்றுகிற பல்கேரியக்காரர் ஸ்டோயான் முதலில் கைதட்டுவார், மற்றவர்கள் தொடர வேண்டும்.

கடை வாசலில் அல்மாஸ் நெனிதாவைத் தனியாக இழுத்துப் போனாள்.

"நீ வராத," என்றாள்.

"ஏன்டி?"

"உனக்கு ஆபரேஷன் இருக்கு. படுத்து எந்திரிச்சு வா. அப்பறம் கொடி பிடிக்கலாம்."

"எல்லாரும் என்ன நினைப்பாங்க?"

"நினைச்சுட்டுப் போறாங்க. பயந்தாங்கொள்ளின்னு நினைச்சா என்ன, செத்தா போயிடுவ? அங்க போனாத்தான் செத்துப்போவ." சொல்லிவிட்டு அல்மாஸ் தானே சிரித்தாள். பிறகு நெனிதாவின் காலர் பட்டையைச் சரிசெய்தாள். அவளுக்கு இனி அந்தப் பட்டை கிடையாது.

ஹோல்ப்ரூக்கின் காதுக்கு ஏதோ எட்டியிருந்தது. வியாழக்கிழமை நெனிதாவை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உடம்பு எப்படி இருக்கிறது, கணவர் நலமா என்றெல்லாம் விசாரித்தார். எந்தத் தகவலையும் அவளிடம் கேட்டு வாங்கப் பார்க்கவில்லை. நல்லவராகவே இருந்தார், அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"நாளைக்கு நீ ரிலீஃப் போ நெனிதா," என்றார். "எந்த மேசையும் உன்னோடது இல்ல. எந்த வம்பும் உன்னோடது இல்ல. ஆபரேஷன் முடியற வரைக்கும் உன் வேலைய நான் பாத்துக்கறேன்."

நன்றி என்று சொன்னாள். வெளியே வந்த பிறகுதான் தன் கைகள் தட்டி விரிந்திருப்பதைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை கூட்டம் சுமாராக இருந்தது. கலிபோர்னியாவிலிருந்து ஒரு பேருந்து நிறைய முதியவர்கள் வந்திருந்தார்கள். நெனிதா இரண்டு பேருக்கு ரிலீஃப் கொடுத்து முடித்து, மேசைகள் சூழ்ந்த நடுவெளியில் நின்றாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் போவார்கள், நான் நிற்பேன், அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எங்காவது கழிப்பறைக்குப் போய் நின்றுவிடலாம் என்றும் தோன்றியது. கால் நகரவில்லை.

ஸ்டோயான் பந்தை நிறுத்தினார். வென்றவருக்குச் சில்லுகளைத் தள்ளினார். கைதட்டினார்.

சின்னச் சத்தம்தான். அடுத்த மேசையில், எங்களில் இளையவளான பெய்லிங் தட்டினாள். அதற்கடுத்த மேசை, அதற்கடுத்தது. மழை ஆரம்பிக்கும்போது தகரத்தில் விழுமே, அதுபோல ஹால் முழுக்க அந்தச் சத்தம் ஓடியது. விரிந்த உள்ளங்கைகள், கவிழ்ந்த உள்ளங்கைகள்.

யாரும் நகரவில்லை.

நெனிதா முதலில் பயம் என்று நினைத்தாள். பிறகு ஸ்டோயானின் முகத்தைப் பார்த்தாள். பயந்த முகம் இல்லை. ஆற்றில் இறங்கப் போனவன் தண்ணீர் உறைந்திருப்பதைக் கண்டது போன்ற முகம். இருபது வருடமாக அவர் ஒரு தடவைகூடத் திறந்த தட்டை விட்டு விலகியதில்லை. கை சொன்னதைச் செய்துவிட்டது, கால் ஒரு தொடுகைக்காகக் காத்து நின்றது. எல்லோருக்கும் அப்படித்தான். கடையில் உட்கார்ந்து அவ்வளவு பேசியபோது இது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு முதியவர் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்து, "என்னம்மா, சீட்டு வருமா வராதா?" என்று பெய்லிங்கைக் கேட்டார். அவள் உள்ளங்கைகளை விரித்தபடியே நின்றாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

தூரத்தில் ஒரு சூப்பர்வைசர் போனை எடுத்துவிட்டார். இன்னொருவர் பெய்லிங்கின் மேசையை நோக்கி வேகமாக நடந்து வந்தார். அவர் வந்து ஒரு வார்த்தை அதட்டினால் போதும், அவள் சீட்டை எடுத்துவிடுவாள். ஒருத்தி எடுத்தால் எல்லோரும் எடுப்பார்கள். திங்கட்கிழமைக்குள் இந்த ஹாலில் முழுநேர டீலர் என்று ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அங்கே மேசை இல்லாதவள் நெனிதா ஒருத்திதான். தோளைத் தொடக்கூடியவளும் அவள் ஒருத்திதான். கூரையில் கேமராக்கள் கருப்பு முட்டைகளைப் போலத் தொங்கின. யார் தொட்டது என்பது தெள்ளத்தெளிவாகத் தெரியும். அவளுக்குக் கட்டி நினைவுக்கு வரவில்லை, ரோடெல் நினைவுக்கு வரவில்லை. மூச்சு மட்டும் இருந்தது, வழக்கம்போலச் சிறியதாக. அதை முழுதாக இழுத்தாள். வலித்தது.

போய் ஸ்டோயானின் தோளைத் தொட்டாள்.

அவர் உடம்பு ஒருமுறை குலுங்கியது. விலகி நடந்தார். முறைப்படி அவர் இடத்தில் நெனிதா நிற்க வேண்டும். நிற்கவில்லை. சில்லுத் தட்டைத் திறந்தபடி விட்டு அடுத்த மேசைக்குப் போனாள். பெய்லிங்கைத் தொட்டாள். அதற்கடுத்தவரைத் தொட்டாள். சூப்பர்வைசர்கள் தட்டுகளைப் பூட்டச் சாவியும் மூடியுமாக மேசை மேசையாக ஓடினார்கள். அவளை நிறுத்துவதா சில்லுகளைக் காப்பதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தோளும் அவள் விரலுக்குக் கீழே சூடாக இருந்தது. கடைசி ஆளைத் தொட்டுவிட்டு அவளும் அவர்கள் பின்னால் நடந்தாள்.

ஹோல்ப்ரூக்கின் அறைக்கு வெளியே நீளமான நடைபாதை. கதவு மூடியிருந்தது. ஸ்டோயான் தட்டி எங்கள் கோரிக்கைகளைச் சொன்னார், கதவுக்குப் பின்னால் யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள், பதில் வரவில்லை. நாங்கள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தபடி வேலை நேரத்தில் ஒருவரையொருவர் பார்ப்பது இதுவே முதல் தடவை. பெய்லிங் வெட்கப்பட்டவளைப் போலச் சிரித்தாள்.

சிறிது நேரத்தில் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். நெனிதாவின் பெயரை மட்டும் சொன்னாள். திறந்த தட்டுகளைக் கைவிட்டதற்காக அவளை இந்த நிமிடம் முதல் நீக்கியிருப்பதாகவும், அடையாள அட்டையைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் மேசைக்குத் திரும்பினால் நடந்ததை யாரும் பெரிதுபடுத்தப் போவதில்லை என்றாள். மனப்பாடம் செய்ததைச் சொல்கிறவளைப் போல, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்.

"இன்சூரன்ஸ்?" என்று நெனிதா கேட்டாள்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் இருக்கும்மா."

அறுவை சிகிச்சை அடுத்த மாதம்.

இது சட்டப்படி செல்லாது, வழக்குப் போடலாம் என்றார் ஸ்டோயான். வழக்கு எத்தனை மாதம் ஆகும் என்று அவள் கேட்டாள். அவர் தரைவிரிப்பைப் பார்த்தார்.

அறை சுத்தம் செய்யும் ரெஃபுஜியோ தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் வந்தாள். எங்களைப் பார்த்ததும் வேறு யாரும் வராதபடி வண்டியைக் குறுக்காக நிறுத்தி வழியை அடைத்தாள். டீலர்கள் போனை உள்ளே எடுத்து வரக்கூடாது. நெனிதா அவளிடம் போன் கேட்டாள். ரெஃபுஜியோ எதுவும் விசாரிக்காமல் ஏப்ரனிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மருத்துவமனை எண் நெனிதாவுக்கு மனப்பாடம். அழுத்தினாள். காத்திருக்கச் சொல்லும் இசை ஒலித்தது. காத்திருந்தாள்.

அந்த இசைக்கு நடுவில் சிலர் எழுந்தார்கள். வீட்டுக்கடன் இருந்தவர்கள், வீட்டில் குழந்தை பிறக்கவிருந்தவர்கள். ஒவ்வொருவரும் அவளைக் கடக்கும்போது குனிந்து ஏதோ சொன்னார்கள், மன்னிப்பாக இருக்கலாம். அவள் யார் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் நாளைக்கு அவர்களை வெறுக்க வேண்டியிருக்கும். பெய்லிங்கும் எழுந்தாள். இரண்டு அடி நடந்தாள். திரும்பி வந்து, முன்பு உட்கார்ந்த இடத்தில் உட்காராமல் நெனிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ போடி கண்ணு," என்றாள் நெனிதா, போனைக் கையால் மூடிக்கொண்டு. "உனக்கு வயசிருக்கு."

"நான் போனா அல்மாஸக்கா என்னை உரிச்சுருவா," என்றாள் பெய்லிங்.

இசை நின்றது. மறுமுனையில் ஒரு பெண் குரல் வந்தது. நெனிதா தன் பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னாள். அறுவை சிகிச்சையை இந்த மாதத்துக்குள் வைக்க முடியுமா, எந்த நாளானாலும், எந்த நேரமானாலும், எந்த டாக்டரானாலும் சரி என்று கேட்டாள். அந்தப் பெண் விசைப்பலகையைத் தட்டும் ஓசை கேட்டது. இந்த மாதம் எல்லாம் நிரம்பிவிட்டது என்றாள். யாராவது வராமல் போனால் அந்த இடத்தில் சேர்க்கலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றாள்.

"போடுங்கம்மா. எவ்வளவு கடைசி நேரத்துல சொன்னாலும் வந்துருவேன். ஒரு மணி நேரம் முன்னாடி சொன்னாக்கூட வந்துருவேன்."

"வேலைக்குப் போறீங்கன்னு இருக்கே. லீவு சொல்ல டைம் வேணாமா?"

நெனிதா நடைபாதையைப் பார்த்தாள். மீதி இருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டோயான் மீண்டும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வேணாம்," என்றாள்.

"சரி. உங்க இன்சூரன்ஸ் அதேதானே? கம்பெனி மூலமா? மாறலையே?"

பணியாளர் பிரிவுப் பெண் அடையாள அட்டைக்காகக் கையை நீட்டியபடி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நெனிதா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் கழற்றப் பார்த்தாள். ஊக்கு சிக்கிக்கொண்டது. பெய்லிங் எட்டி அவள் கையைப் பிடித்து, கழற்ற விடாமல் நிறுத்தினாள்.

"இன்னைக்கு வரைக்கும் அதேதான்," என்றாள் நெனிதா போனில். "மாறலைன்னு இன்னைக்குத் தேதிய போட்டு எழுதிக்கோங்க."