நடுவில் ஓடுகிறவருக்கு ஓர் அம்பு

1

இந்தக் கதை என் ஜன்னலிலிருந்து கிடைத்தது. உழைத்துச் சம்பாதித்ததல்ல. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பல் துலக்கிக்கொண்டே மாடி ஜன்னலில் நிற்பது என் பழக்கம். கீழே சாலை இரண்டாகப் பிரியும் முக்கு. இடது பக்கம் போனால் ஏரி, வலது பக்கம் போனால் விளையாட்டு மைதானம். அந்த முக்கு வழியாகத்தான் ஓட்டக் குழுவினர் போவார்கள். நான் பார்ப்பேன். என் பங்கு அவ்வளவுதான். ஓடுவது அவர்கள், எழுதிப் பெயர் வாங்குவது நீயா என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். (பெயர் வாங்கியதும் இல்லை. அது வேறு விஷயம்.)

வயிற்றுப்பிழைப்புக்கு நான் எழுதுவது வேறு. வாஷிங் மெஷினோ மின்விசிறியோ வாங்கினால் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்குமே, யாரும் படிக்காமல் தூக்கிப் போடுவார்களே, அதைத் தமிழில் எழுதுகிறவன் நான். "அம்புக்குறி காட்டும் திசையில் திருப்பவும்" என்ற வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முன்பு ஆபீஸ் என்று ஒன்று இருந்தது. அதை மூடிவிட்டு, அவரவர் வீட்டிலிருந்தே எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து நேரில் யாரோடும் பேசாமலே ஒரு வாரம் போய்விடுகிறது. தனியாக இருக்கிறேன், கஷ்டமாக இருக்கிறது என்று நேராக எழுதினால் கழிவிரக்கம் என்பீர்கள். எழுதிவிட்டேன், என்ன செய்ய.

2

முதல் ஆரம்பம்: "சூரியன் இன்னும் எழவில்லை, ஆனால் கால்கள் எழுந்துவிட்டன." அடித்துவிட்டேன். கால்கள் மட்டும் தனியாக எழுந்து எங்கே போகும்?

இரண்டாவது ஆரம்பம்: "ஓட்டம் என்பது மனிதனின் ஆதி—" வேண்டாம். கட்டுரைப் போட்டிக்கா எழுதுகிறேன்?

மூன்றாவது: "அவர் நடுவில் ஓடினார்." இது இருக்கட்டும்.

ஏனென்றால் உண்மையிலேயே அவர் நடுவில்தான் ஓடினார். முதலில் வேகக்காரர்கள் வருவார்கள், ஒரே மொத்தமாக, பேச்சில்லாமல். அவர்கள் போய் மறைந்த பிறகு தெரு காலியாகிவிடும். கடைசியில் மெதுக்காரர்கள் வருவார்கள், மாமியாரிலிருந்து மாதத் தவணை வரைக்கும் எல்லாவற்றையும் பேசிச் சிரித்துக்கொண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், காலியான தெருவில், நீலத் தொப்பி போட்ட ஒருவர் தன்னந்தனியாக வருவார். வேகக்காரர்களோடு ஓட மூச்சு போதாது. மெதுக்காரர்களோடு ஓட முழங்கால் ஒத்துக்கொள்ளாது, வேகம் குறைந்தால் பிடித்துக்கொள்ளும். (முழங்கால் விவரம் பிறகு தெரிந்தது. கதை ஒழுங்காக வர வேண்டுமே என்று இங்கே வைத்தேன்.) முன்னால் போகிறவர்களின் முதுகு அவருக்குத் தெரியாது. பின்னால் வருகிறவர்களின் சிரிப்பு மட்டும் கேட்கும்.

துணைக்கு ஆள் வேண்டும் என்றுதானே குழுவில் சேர்கிறோம். சேர்ந்த பிறகும் தனியாக ஓடுகிற ஒரு மனிதரை நான் அப்போதுதான் பார்த்தேன். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

3

இதுவரை எழுதியதை அக்காவுக்கு அனுப்பினேன். அன்று மாலையே போன் வந்தது.

"என்னடா இது. ஓடுறான், ஓடுறான், ஓடிக்கிட்டே இருக்கான். எங்கதான் போறான்?"

"ரேஸுக்குப் பயிற்சிக்கா. அரை மாரத்தான்."

"அதக் கேக்கல. கதைல எங்க போறான்?"

"தெரியல."

"அந்த ஆளப் பொம்பளையா மாத்திடு. நீ மேல நிக்கற, அவ கீழ ஓடறா. தானா சூடு பிடிச்சுக்கும்."

மாற்றிப் பார்த்தேன். "நீலத் தொப்பிக்குக் கீழே ஒரு கற்றை முடி காற்றில்—" இந்த இடத்தில் கூசிப்போய் நிறுத்திவிட்டேன். விடியற்காலையில் தனியாக ஓடும் பெண்ணை வாராவாரம் ஜன்னலிலிருந்து பார்க்கும் ஐம்பது வயது ஆளைக் கதாநாயகன் என்று எவன் ஒப்புக்கொள்வான்? போலீஸுக்குத்தான் சொல்வார்கள்.

காதல் என்றால் வேலை சுலபம். பார்த்தார்கள், சிரித்தார்கள் என்று எழுதினால் மீதியை வாசகரே பார்த்துக்கொள்வார். ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஓர் ஆண் இன்னோர் ஆணிடம் போய், உங்களோடு பழகலாமா என்று கேட்க என்ன வழி இருக்கிறது? சின்ன வயதில் ஒரு பந்து இருந்தால் போதும். ஆபீஸில் காபி மெஷின் இருந்தது. அதன் முன்னால் நின்று எல்லோரையும் திட்டலாம். இப்போது ஒன்றும் இல்லை.

"அப்ப பேசாம போய் அந்த ஆள்கிட்டயே ரெண்டு வார்த்தை பேசித் தொலையேன்" என்றாள் அக்கா.

"கதைக்காகவா?"

"கதையும் வேணாம், கத்திரிக்காயும் வேணாம். பேசறதுக்காகப் பேசு."

4

இனி அம்பு. இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஓட்டப் பாதை வாராவாரம் மாறும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் முக்கில் ஒரு பெண் வந்து குனிந்து, தரையில் சாக்பீஸால் ஓர் அம்பு வரைவார். சில வாரம் இடது, சில வாரம் வலது. அடுத்த தெருவில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் அவர். குழுவுக்குப் பாதை போடுகிறவரும் அவர்தான். ஒரு சனிக்கிழமை பிரெட் வாங்கக் கீழே இறங்கியபோது துணிந்து கேட்டேன்.

"எல்லார் கைலயும் போன் இருக்கே டாக்டர். இன்னும் சாக்பீஸ் எதுக்கு?"

"முன்னாடி ஓடறவங்களுக்கு வழி தெரியும் சார், நானே அவங்களோடதான் ஓடறேன். பின்னாடி வர்றவங்கள்ல யாராவது ஒருத்தர் போனப் பாப்பாங்க, மத்தவங்க அவர் பின்னாடியே வந்துடுவாங்க. நடுவுல ஒருத்தர் வர்றார். போன் எடுத்துட்டு வர மாட்டார். அவருக்குத்தான் இது."

"அவர் ஒருத்தருக்காகவா?"

"ஒருத்தர்னா ஆள் இல்லையா சார்?"

(அடிக்குறிப்பு போல ஒன்று: கிளம்பும்போதே அவரிடம் வழியைச் சொல்லி அனுப்பினால் என்ன என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன். குழம்புகிற இடம் இந்த ஒரு முக்குதான், ஆனால் ஓட ஆரம்பித்தால் அவருக்கு எல்லாம் மறந்துபோகும் என்றார்.)

அன்று மாடிக்கு வந்து வெகுநேரம் அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் இத்தனை பேர் மிதித்துப் போகும் ஓர் அம்பு, ஒரே ஒரு மனிதருக்காகப் போட்டது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

5

போன ஞாயிறு. இரவெல்லாம் மழை பெய்து அம்பு சுத்தமாக அழிந்துவிட்டது. வேகக்காரர்கள் தரையைப் பார்க்காமலே இடது பக்கம் திரும்பி ஏரிப் பக்கம் போனார்கள். டாக்டரும் அவர்களில் ஒருவர். தான் போட்ட அம்பு இல்லாததை அவரும் கவனிக்கவில்லை.

நீலத் தொப்பி வந்தார். தரையைப் பார்த்தார். முன்னால் யாரும் இல்லை, பின்னால் இன்னும் யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தால் மெதுக்காரர்கள் வந்திருப்பார்கள். ஆனால் ஓட்டத்தில் நிற்கிற மனிதர் இல்லை அவர்; நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. எனக்கு வழி தெரியும். ஒரு குரல் கொடுத்தால் போதும். என்ன சொல்லிக் கூப்பிடுவது? "சார்" என்றால் ஏதோ படிவத்தில் கையெழுத்துக் கேட்பது போல் இருக்கிறது. "அண்ணே" என்று கூப்பிட்டு, அவர் என்னைவிடச் சின்னவராக இருந்துவிட்டால்? "தம்பி" என்றால் அந்த நரைத்த தாடியை என்ன செய்வது? "ஏங்க" என்பது வீட்டுக்குள்ளேயிருந்து வருகிற குரல். "ஹலோ" போனுக்கு. "நீலத் தொப்பி" என்றால் கேலி செய்கிறான் என்று நினைப்பார். நான் இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் வலது பக்கம் திரும்பிப் போயே போய்விட்டார். சொல் தேடுவதுதான் என் தொழில் என்பதை மறந்துவிடாதீர்கள்.

6

நேற்றுச் சாயங்காலம் டாக்டர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்தக் கதவை யாராவது தட்டி நாளாகிறது. தட்டுவது என் கதவுதானா என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"போன வாரம் அவர் மைதானத்துக்குப் போயிட்டார் சார். எல்லாரும் வருவாங்கன்னு அங்க ரொம்ப நேரம் உக்காந்திருந்தாராம். நாங்க ஏரிக்கரைல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டிருந்தோம். எல்லாரும் இருக்கோம்னுதான் நெனச்சோம்."

நான் திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தேன்.

"நாளைக்குக் கடைசிப் பயிற்சி. அடுத்த ஞாயிறு ரேஸ். இன்னொரு தடவை வழி தப்பிடுச்சுன்னா ரேஸுக்கும் வரல, குழுவுக்கும் வரலன்னுட்டார். தனியா ஓடறதுக்கு எதுக்குங்க ஒரு குழுன்னு கேக்கறார். நான் என்ன பதில் சொல்ல?"

டாக்டருக்கு அன்று இரவே வெளியூர் போக வேண்டியிருந்தது. என் கையில் ஒரு சாக்பீஸை வைத்தார். "நாளைக்கு வலது பக்கம், அம்பு போட்டுட்டேன். போன வாரம் இடதுன்னு இப்ப அவருக்குத் தெரியும், அம்பு இல்லன்னா இந்த வாரமும் இடதுலதான் போவார். ராத்திரி மழை வந்தா காலைல ஒரு தடவை பாத்துருங்க சார். நீங்க ஜன்னல்லதான நிப்பீங்க."

நான் நிற்பது கீழேயிருந்து தெரிகிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

7

இன்று. மழை வந்தது, விடியும்போது விட்டது. அம்பு இல்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். ஈரத் தரையில் சாக்பீஸ் எழுதவில்லை, கரைந்து கரைந்து கையில்தான் ஒட்டியது. வேகக்காரர்கள் என்னைத் தாண்டி வலது பக்கம் போனார்கள். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை.

கீழ்வீட்டுப் பேக்கரிக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன ரைட்டர் சார், அதிசயமா எறங்கி வந்திருக்கீங்க. மேல தண்ணி வரலையா?"

"அம்பு போடணும். எழுத மாட்டேங்குது."

"ஈரத்துல எப்படி எழுதும்?" உள்ளே போய்க் கை நிறைய மாவு கொண்டுவந்து என் உள்ளங்கையில் கொட்டினார். "இது ஒட்டிக்கும். சீக்கிரம் போடுங்க, நீலத் தொப்பி வர்ற நேரம்."

"அவர உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. பிரெட் வாங்க வருவார். அவரும் உங்கள மாதிரிதான் சார். வாங்கி முடிச்சப்புறமும் போக மாட்டார். கண்ணாடிப் பெட்டியப் பாத்துக்கிட்டே நிப்பார், எதோ மறந்த மாதிரி."

ஷட்டரை மேலே தள்ளிவிட்டு அவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். நான் கையில் மாவோடு நின்றேன்.

8

முடிவுகள்.

ஒன்று: அம்பு போட்டுவிட்டு மாடிக்கு ஏறிவிடுகிறேன். அவர் வருகிறார், அம்பைப் பார்க்கிறார், வேகம் குறையாமல் வலது பக்கம் திரும்புகிறார். வழி தப்பவில்லை. இந்த வாரப் போட்டோவில் அவர் இருப்பார், ரேஸிலும் இருப்பார். நான் ஜன்னலில் இருப்பேன். பெட்டிக்குள் போடும் தாள் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான முடிவு கிடையாது. அம்புக்குறி சரியாக இருந்தால் பக்கத்தில் ஆள் நிற்கத் தேவையில்லை.

இரண்டு, அக்காவுக்குப் பிடித்தது: நானும் அவரோடு சேர்ந்து ஓடுகிறேன், அடுத்த ஞாயிறு இருவரும் கைகோர்த்து எல்லைக்கோட்டைத் தாண்டி— அக்கா, நான் இந்த மாடிப்படி இறங்கியதற்கே மூச்சு வாங்குகிறது.

மூன்று: அம்பு போடாமல் நானே நிற்கிறேன். கையைக் காட்டி வழி சொல்கிறேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார். அவ்வளவுதான் நடக்கும் என்று என் உள்மனசு சொல்கிறது. இதற்குத்தான் பயமாக இருக்கிறது. அம்பைப் பார்த்துவிட்டு அவர் போனால் அது அம்பு. என்னைப் பார்த்துவிட்டுப் போனால் அது நான்.

மாவு கையில் கனக்கவில்லை, ஆனால் வியர்வையில் பிசுபிசுக்க ஆரம்பித்துவிட்டது. தெருக்கோடியில் நீலமாக ஏதோ தெரிகிறது. பின்னால் எங்கேயோ மெதுக்காரர்கள் சிரிப்பது கேட்கிறது. குனிந்து நாலு கோடு இழுக்க இன்னும் நேரம் இருக்கிறது.

எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. எவ்வளவு வேகமாக வருகிறவரையும் ஒரு முற்றுப்புள்ளி போட்டு அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டு, வாரக்கணக்கில் யோசிக்கலாம். இவரிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. புள்ளி வைத்தேன், அதையும் தாண்டி வந்துகொண்டிருக்கிறார். காலணிச் சத்தம் கேட்கிறது. தொப்பியை நிமிர்த்தித் தரையில் எதையோ தேடுகிறார்.

மாவைக் கீழே கொட்டிவிட்டேன். அம்பாக இல்லை, சும்மா ஒரு குவியலாக. கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு முக்கின் நடுவில் வந்து நின்றாகிவிட்டது. வாயையும் திறந்துவிட்டேன். சாரா, அண்ணேவா, தம்பியா, ஏங்கவா, எனக்கு இன்னும் தெரியவில்லை. இந்தக் கதையில் நான் எழுதாமல் விட்டது அந்த ஒரு வார்த்தைதான். அதை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், அவர் நிற்கிற மனிதர் இல்லை.