காய்ந்த சட்டை

யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்பதைத் துரைராஜ் மேஸ்திரி சட்டையைத் தொட்டுத்தான் முடிவு செய்வார். முதுகு நனைந்திருந்தால் பாடுபட்டவன். காய்ந்திருந்தால் ஏமாற்றுகிறவன்.

எழுபத்திரண்டாம் வருஷத்துக் கத்திரி வெயில். தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் வீட்டுக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். செங்கல் சுமந்த வேலுவின் சட்டை மட்டும் காய்ந்தே கிடந்தது. அவனுக்குப் பிறந்ததிலிருந்தே வேர்த்ததில்லை. தலையில் பூனை ரோமம் மாதிரி கொஞ்சம் முடி, அமுங்கிய மூக்கு, வாயில் கூர்கூராக நாலு பல். வெயில் ஏறினால் உடம்பு தோசைக்கல்லாகக் காயும். உட்கார்ந்துவிடுவான்.

"இன்னாடா, மாப்ள மாதிரி குந்திகினு கீறே?" மேஸ்திரி அவன் முதுகைத் தொட்டுப் பார்த்தார். "சட்டை இஸ்திரி போட்டாப்ல கீது. நாளைலேர்ந்து உங்கம்மா மட்டும் வந்தா போதும்."

கலவை சுமந்துகொண்டிருந்த வேலம்மா சட்டியை இறக்கி வைத்தாள். "அவன் பொறப்பு அப்டி மேஸ்திரி. வேர்வையே வராது. என் தம்பியும் இப்டித்தான் இருந்தான். வெயில்ல மூட்டை தூக்க சொல்லோ சுருண்டு வியுந்தவன், எய்ந்துக்கவே இல்ல."

"வேர்க்காத மனுசன் எந்த ஊர்ல கீறான்?"

"ஏன், இந்த வூட்டு சின்ன மொதலாளியைப் பாரு," என்றாள் கூட வேலை செய்யும் சொர்ணம். "அதே மூக்கு, அதே மண்டை. ஏன்க்கா வேலம்மா, மொதலாளி கடைக்குப் பொடவை எடுக்கப் போனியா? மறைக்காம சொல்லு!"

சாரத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"போடி கஸ்மாலம். என் பொடவை எல்லாம் மூர் மார்க்கெட்டு பழசு," என்றாள் வேலம்மா. மகனைப் பார்த்தாள். அவன் எழுந்து செங்கல் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தான். நாளைக்கும் வேலை வேண்டுமே.

உச்சி வேளையில் ஏணியடியில் சரிந்தான். செங்கல் சிதறியது.

வேலம்மா போட்ட கூச்சலில் கொல்லைக் கதவு திறந்தது. முதலாளியின் மனைவி பங்கஜம் வந்தாள். வேலுவின் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். கிணற்றடிக்கு இழுத்துவரச் சொல்லி வாளி வாளியாகத் தலையில் ஊற்றினாள். பிரிட்ஜிலிருந்து ஐஸ் கொண்டுவந்து துண்டில் சுற்றி அக்குளில் வைத்தாள். பழகிய கை.

"ஒம் மவனுக்கு வேர்க்காதுல்லா?"

"ஆமாம்மா."

"ஒங்கூடப் பெறந்தவன் ஆரும் இப்படி உண்டுமா?"

"தம்பி. வெயில்லயே பூட்டான்."

"எங்க அண்ணனும் இப்படித்தான். குத்தாலத்துல தோட்டம் வாங்கிப் போட்டு அங்கனயே இருக்காவ. பேரன் எடுத்தாச்சு."

அவள் மகன், சின்ன முதலாளி ஜவஹர், வாசற்படிவரை வந்து நின்றான். கட்டின பல், மடிப்புக் கலையாத சட்டை. கீழே கிடந்தவனைப் பார்த்தான். இரண்டு முகத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள் யாரும் இப்போது சிரிக்கவில்லை. சொர்ணம் கூட.

வேலு கண் திறந்தான். வேலம்மா பங்கஜத்தின் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, கடையில ஃபேனுக்கு அடியில துணி மடிக்கிற வேலை ஒண்ணு குடும்மா. உசுரோட இருப்பான்."

பங்கஜம் மகனை உள்ளே போகச் சொன்னாள். அவன் போனபிறகுதான் பேசினாள்.

"குடுக்கலாம். ஆனா எம் மவனைப் பாக்கப் பொண்ணு வீட்டுக்காரவுக கடைக்கு வாராவ. அவன் ஒத்தையா இருந்தா, முகவெட்டே அப்படின்னு விட்டுருவாவ. ரெண்டு பேரும் பக்கத்துல நின்னா சீக்குன்னு தெரிஞ்சு போயிரும்." சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "பழசுதான், நல்லா ஓடும். எடுத்துக்கோ."

"அடையாத்து ஓரமா குடிசைம்மா. கரண்டு ஏது?"

பங்கஜம் ஃபேனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

வேலம்மா எழுந்து புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். "அப்ப தண்ணி ஊத்துற வேலையாவது இவனுக்குக் குடுக்கச் சொல்லும்மா."

புதுத் தளத்தையும் சுவரையும் நாளெல்லாம் நனைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தருகிற வேலை அது. கூலி பாதி.

"ஆம்பளைக்கு அரைக் கூலியா?" என்றார் மேஸ்திரி. "நாலு பேர் சிரிப்பான் வேலம்மா."

"சிரிக்கட்டும். அவன் கூலிதான் அரிசிக்கு, என்னுது வாடகைக்கு. இனிமே ஒரு வேளைக்குக் கஞ்சி. அவனுக்கும் நாலே பல்லு, கஞ்சிதான் தோதா கீது."

"அவனே ஊத்தட்டும் மேஸ்திரி," என்று சொல்லிவிட்டுப் பங்கஜம் ஃபேனோடு உள்ளே போனாள்.

மறுநாள் வேலு சுவருக்கு ஒரு வாளி ஊற்றினான், தன் தலைக்கு ஒரு வாளி. வெயில் உச்சிக்கு வந்தபோதும் நின்றுகொண்டிருந்தான். கீழ்வீட்டு ஜன்னலுக்கு மேலே நனைக்க வரும்போது உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது.

சாயங்காலம் கூலி கொடுக்கையில் பழக்க தோஷத்தில் மேஸ்திரியின் கை அவன் முதுகுக்குப் போனது. சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இப்பத்தான்டா வேலைக்காரன் சட்டை மாதிரி கீது," என்று அரைக் கூலியைக் கொடுத்தார்.

வேலம்மா அதை வாங்கி முடிந்துகொண்டாள்.

"மேஸ்திரி, இந்த மாடி முடிஞ்சா அடுத்தது எந்த வூட்ல தளம் போடறே?"