பதினேழாம் எண் மாணவி

டப்பிங் மைக் முன்னால் நின்றுவிட்டால் குரலக்காவுக்கு வயது பத்து. வெளியே வந்தால் ஐம்பத்திரண்டு. விண்கலத்துக்குள் நடக்கும் ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிய டிவி தொடரில், பதினேழாம் எண் மாணவிக்கு முகம் சுண்டெலி என்கிற சிறுமியுடையது, குரல் அக்காவுடையது. நாற்பது வாரமாக அந்த மாணவிக்கு ஒரே வசனம்தான். டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது, "உள்ளேன் டீச்சர்!"

அதுவரை அக்காவைக் குழந்தை அழுகைக்கும் கூட்டத்துச் சலசலப்புக்கும்தான் கூப்பிடுவார்கள். இந்த ஒற்றை வசனம் வந்த பிறகு, காய்கறிக் கடையில் அவள் விலை கேட்டாலே பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன.

அந்தப் பதினேழைத்தான் போன வாரம் எரியும் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார் இயக்குநர்.

"ஏன் தம்பி, வாயில்லாப் பூச்சிதான் கிடைச்சுதா உங்களுக்கு?"

"கதைக்குக் கனம் வேணும்க்கா. யாராவது சாகணும்."

"கனம் வேணும்னா கேப்டனைச் சாகடிங்க. எண்பது கிலோ இருப்பாரு."

ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குலுங்கிச் சிரித்தார். அவர் பக்கத்தில், விடைபெற்றுப் போக வந்த சுண்டெலியும் அவள் அம்மாவும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்று மற்ற பிள்ளைகளுக்கும் அக்காவே குரல் கொடுக்க வேண்டும். திரையில் டீச்சர் வருகைப் பதிவு எடுக்கிறாள். "பதினாறு." அக்கா பையன் குரலில் பதில் சொன்னாள். டீச்சர் மறதியாக, "பதினேழு" என்கிறாள். அங்கே மௌனம் என்று தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது. நாற்பது வாரப் பழக்கம் தாளைப் பார்க்குமா?

"உள்ளேன் டீச்சர்!"

திரையில் டீச்சரின் கண்கள் நிறைந்து, உதடு துடித்தது.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க தம்பி! பழக்கதோஷம். இன்னொரு தடவை போயிடலாம்."

"இருங்கக்கா." இயக்குநர் ஒலிப்பதிவாளரிடம் திரும்பினார். "அதையே திரும்பப் போடுங்க."

மூன்று முறை போட்டார்கள். துக்கத்தில் எடுத்த அழுகை, அந்தக் குரல் விழுந்ததும் ஆனந்தக் கண்ணீராகிவிட்டிருந்தது.

"கதவு சாத்துனதைத்தானே காட்டினோம்?" என்றார் இயக்குநர் மெதுவாக. "உள்ளே என்ன ஆச்சுன்னு யாரு பார்த்தா? அவ எப்படித் தப்பிச்சான்னு அடுத்த வாரம் எழுதிக்கிறேன். பொழைச்சுப் போகட்டும்."

"அப்ப கனம்?" அக்காவின் வாய் சும்மா இருக்கவில்லை.

"கேப்டனைக் கவனிச்சுக்கலாம்."

சுண்டெலி கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அத்தை, நான் சாகலையா?"

"உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்க்கா" என்று பின்னாலேயே வந்தாள் அவள் அம்மா.

"எனக்கு எதுக்கும்மா? இத்தனை வருஷமா கூட்டத்தோட கூட்டமாக் கத்திக்கிட்டு இருந்தவ நான். இவ மூஞ்சிதானே என் குரலை நாலு பேருக்குக் காட்டிக் குடுத்துச்சு? நான்தான் இவளுக்கு நன்றி சொல்லணும்." சுண்டெலியின் தலையை வருடிவிட்டு, அவளைச் சுவரோரம் நிறுத்தினாள். "இங்கேயே நில்லுடி. மூச்சு விட்டே, மைக்குல விழும். தம்பி, ஓட்டுங்க."

"பதினெட்டு" என்றாள் டீச்சர்.

அக்காவின் வாயால் "உள்ளேன் டீச்சர்" என்ற பதினெட்டாம் எண் மாணவனுக்கு அன்று லேசாகத் தொண்டை கட்டியிருந்தது.