அன்னாசி வண்டியில் நடந்த ஆன்லைன் வகுப்பு

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது, பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன். அன்றைக்குக் காலையில் என் வீட்டில் இருந்த அத்தனை பாத்திரமும் உருண்டது. காரணம், போனில் வந்த ஐந்து நட்சத்திரமும் அதற்குக் கீழே கைதட்டுகிற ஒரு பொம்மையும். 'அருமை! தொடர்ந்து அசத்துங்கள்!' என்று வேறு எழுதியிருந்தது. அசத்தினேனாம்! நான் படம் பிடித்து அனுப்பிய மயிலுக்குக் கண் கழுத்தில் இருந்தது. தையல் ஒன்று குண்டு, பக்கத்திலேயே ஒன்று நோஞ்சான். வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டேன். அந்தப் பக்கம் என் டீச்சர் இருக்கிறாரா, என் வேலையைப் பார்க்கிறாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

என் பெயர் கோகிலவாணி. மலைமேல் வாழவந்தி நாடு என்கிற ஊரில் ஆரி வேலை செய்கிறேன். ஆரி என்றால், கல்யாண ரவிக்கைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி வைத்த ஊசியால் பூவும் மயிலும் போடுவது. கற்றுக்கொடுத்தவர் அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி தாஹிரா பீவி டீச்சர். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே. அதுவரை அவர் முகத்தை நான் பார்த்ததே கிடையாது. வீடியோவில் இரண்டு கைகள் மட்டும் வரும், கூடவே குரல் வரும்.

ஆரம்பித்தது கொரோனாவில். ஊரடங்கில் தையல் கடையைப் பூட்டிவிட்டு டீச்சர் போனிலேயே வகுப்பு எடுத்தார். அப்போது எங்கள் பக்கம் டவர் கிடையாது. ராத்திரி முழுக்க போனை ஓட்டின் மேல் வைத்தால் விடிவதற்குள் ஒரு வீடியோ இறங்கும். நான் எடுத்து அனுப்பும் படமோ அவருக்குப் புகை மூட்டமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஒன்றும் தெரியவில்லை என்று டீச்சர் எழுதினார். எனக்கு வந்ததே ஆத்திரம்! தெரியாவிட்டால் என்ன, துணியையே பாருங்கள் என்று சட்டத்திலிருந்து அவிழ்த்து, ஒரு பையில் போட்டு, சோளக்காடு சந்தையிலிருந்து அன்னாசி ஏற்றிக்கொண்டு கீழே போகிற மாதேஸ்வரன் வண்டியில் கொடுத்துவிட்டேன். காய்கறி, பழ வண்டியை மட்டும்தான் அப்போது விட்டார்கள்.

அடுத்த நடையில் துணி திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால், நான் தப்பு செய்த இடத்திலெல்லாம் சிவப்பு நூலில் ஒரு குட்டி முடிச்சு. ஒரு வார்த்தை எழுதவில்லை. எங்கே முடிச்சு இருக்கிறதோ அங்கே பிரித்து மறுபடி போட வேண்டும், அவ்வளவுதான். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அன்றிலிருந்து என் ஆன்லைன் வகுப்பு அன்னாசி வண்டியில்தான் நடந்தது. மற்றவர்கள் எல்லாம் போனில் படித்தார்கள், என் பாடம் மட்டும் அன்னாசி வாசத்தோடு வந்தது. என் வீட்டுக்காரர் சென்றாயன், "பாடம் வந்துருச்சு, வாசலுக்கு ஓடு" என்று கேலி பேசுவார். நானும் ஓடுவேன். இன்றைக்கும் அன்னாசிப் பழத்தை நறுக்கினால் எனக்கு அந்த நாட்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. வெளியே ஊரே நோயில் கிடந்தது. இப்படிச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

போகப் போக எனக்கு வேலை படிந்துவிட்டது. டீச்சருக்கோ முடிச்சு போடுவது குறையவில்லை. இரண்டாவது ஊரடங்கு வந்தபோது சரியாக இருக்கிற இடத்திலும், ரவிக்கைக் கையில் நான் போட்ட மாங்காய் வடிவத்திலும் முடிச்சு விழுந்தது. நான் விடுவேனா? துணியோடு ஒரு துண்டுச் சீட்டும் போக ஆரம்பித்தது. 'இதில் என்ன தப்பு கண்டீர்கள்? கண்ணாடி போட்டுப் பாருங்கள்.' அதற்குப் பதில், அதே மாங்காய்க்குப் பக்கத்தில் இன்னொரு முடிச்சு. 'டீச்சர், உங்களுக்கு வேறு வேலை இல்லையா?' மறுபடி முடிச்சு. அந்த மாங்காயைப் பிரித்துப் பிரித்துப் போட்டு என் கழுத்து பிடித்துக்கொண்டது. திட்டிக்கொண்டேதான் போட்டேன். போட்டுவிட்டு, வண்டி வருகிறதா என்று பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

பிறகு எல்லாம் சரியானது. வகுப்பு முடிந்தது, டீச்சரின் நம்பரும் மாறியது. மலைக்கு டவர் வந்தது. எனக்கும் கல்யாணத்துக்குக் கல்யாணம் கைநிறைய வேலை. போன மாதம்தான், டீச்சர் பெரிய வகுப்பு ஒன்றைச் செயலியில் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். எனக்குப் பாடம் தேவைப்படவில்லை. அவரோடு பேச்சு வேண்டியிருந்தது. ஆனால் எதை அனுப்பினாலும் கண்மூடித் திறப்பதற்குள் கைதட்டல்தான். கழுத்தில் கண் வைத்த மயிலுக்கும் கைதட்டல்.

பாத்திரத்தையெல்லாம் உருட்டி முடித்ததும் அந்த மயிலைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க, டீச்சரைப் பார்த்ததும் என்னென்ன கேட்பது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

கதவைத் திறந்தது அவர் மகள் அர்ஃபா, காலேஜில் படிக்கிற பெண். அம்மா தொழுகிறார், உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தேன், வாய் உட்காரவில்லை. யாரம்மா அந்தக் கைதட்டுகிற பொம்மை என்று கேட்டேன். அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். படிக்கிறவர்கள் இப்போது ஆயிரக்கணக்கில் இருக்கிறார்களாம். குறை சொன்னால் பாதிப் பேர் வகுப்பை விட்டே போய்விடுகிறார்களாம். அதனால் முதல் பதிலை மெஷினே போட்டுவிடும், சந்தேகம் என்று தனியாக எழுதுகிறவர்களுக்கு மட்டும் அம்மா பேசுவாராம். நீங்களும் சந்தேகம் கேட்டிருக்கலாமே என்றாள். எனக்குச் சந்தேகமே கிடையாது, என்றைக்கும் இருந்ததில்லை என்று நான் போட்ட சத்தத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"வாழவந்தி அக்காங்களா?"

வந்தவர் ஒல்லியாக இருந்தார். தலையில் வெள்ளை முக்காடு. அந்தக் கைகளை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். என்னைக் கண்டதும் அவை அப்படியே என் கையைப் பிடித்துக்கொண்டன. அடுக்கி வைத்த கேள்வியில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. மீதிப் பாதிக்காக மயிலை எடுத்து விரித்தேன்.

டீச்சர் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை.

"இது வேணும்னே போட்டதுதானுங்களேக்கா?"

எப்படித் தெரியும் என்றேன்.

"தெரியாதுங்களா? நானும் இதையேதானே செஞ்சேன்." அவர் துணியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னார். "ரெண்டாவது லாக்டவுன்ல உங்க துணியில போட்ட முடிச்செல்லாம் பொய்யிங்க. அந்த மாங்காயில தப்பே இல்லீங்க."

பிறகு சொன்னதை அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. அந்த வருஷம் மே மாதம், மூச்சு முட்டுகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன அவர் கணவர் ஜெய்லானி திரும்பி வரவில்லை. கணவன் போனால் மனைவி நாலு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கிற இத்தா அவர்களுக்கு உண்டு. நோய்க்குப் பயந்து துக்கம் கேட்கவும் யாரும் வரவில்லை. அழுதால் சோறு யார் போடுவது என்று, படிக்கிற யாரிடமும் சொல்லாமல் வகுப்பை மட்டும் நடத்தியிருக்கிறார். வீடியோவில் வளையல் சத்தம் திடீரென்று நின்றுபோனது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மைக்குக்காகக் கழற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேனே, பாவி.

"போன்ல சொந்தக்காரங்க எல்லாரும் எங்கிட்ட மெதுவாப் பேசினாங்கக்கா. நான் ஒடஞ்சு போயிருவேன்ங்கற மாதிரி. நீங்க ஒருத்தங்கதான் திட்டுனீங்க. உங்க சீட்டு வர்ற அன்னிக்குத்தான் சிரிப்பேன், சோறும் அன்னிக்குத்தான் எறங்கும். தப்பு இல்லீன்னு விட்டா துணி திரும்ப வராதுங்களே. அதான் முடிச்சு போட்டேன்."

சரியான மாங்காயைப் பிரிக்க வைத்திருக்கிறார். வேறு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் கூரையைப் பெயர்த்திருப்பேன். அவர் மடியில் கிடந்த மயிலின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தேன். டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"என்னத்தைங்க சொல்றது?" என்று ஆரம்பித்தேன். "ஒரு வார்த்தை எழுதக் கூடாதுங்களா டீச்சர்? நூல்ல முடிச்சு போடத் தெரிஞ்ச கைக்கு, எம் புருசன் போயிட்டாருன்னு ரெண்டு வரி எழுத முடியாதுங்களா? அந்த வண்டியிலயே நானும் ஏறி வந்திருப்பேனே. உள்ள விடலீன்னா வாசல்ல நின்னு பேசிட்டுப் போயிருப்பேனே. மாங்காயைப் பிரிக்க வச்சீங்களே, அதுக்குப் பதிலா என்னைக் கூப்பிட்டிருக்கலாமில்லீங்களா?"

சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. நிறுத்தவில்லை. அழுதுகொண்டே திட்டினேன். அர்ஃபா டீ டம்ளரோடு வாசற்படியில் பயந்துபோய் நின்றாள். டீச்சரின் கண்ணிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய் மட்டும் சிரித்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இன்னுங் கொஞ்சம் திட்டுங்கக்கா" என்றார்.