பராமரிப்பவர்: எவரும் இல்லை

அம்மாவின் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்து ஒன்பதாம் நாள் அரசாங்கத்தின் கடிதம் வந்தது. நேர்சிங் ஹோமில் அம்மா இருந்த மூன்று வருடங்களுக்கும் கட்டாமல் தள்ளிப்போட்ட கட்டணத்தை, அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து எடுக்கப்போகிறார்களாம். அம்மா விட்டுச்சென்றது வென்ட்வேர்த்வில்லில் உள்ள இந்த ஒரு வீடுதான். அதற்குள் நான் இருக்கிறேன். ஆழ்ந்த அனுதாபத்தில் தொடங்கி, வீட்டை விற்கச் சொல்லி முடிகிற கடிதம்.

கடிதத்தில் இருந்த எண்ணை அழைத்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒரு பெண் பேசினாள். மரியாதையாகத்தான் பேசினாள், அது இன்னும் எரிச்சல். வேலை வெட்டியை விட்டு, கூடவே இருந்து பராமரித்தவர் அந்த வீட்டில் இருந்திருந்தால், வீட்டைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்களாம்.

"ஆனால் உங்கள் படிவத்தில் அப்படி எவரும் இல்லை என்றுதான் இருக்கிறது."

எவரும் இல்லையாம்! அம்மா பக்கவாதத்தில் விழுந்த பிறகு வேலையை விட்டுவிட்டு எட்டு வருடம் குளிப்பாட்டியது யார்? மலசலம் துடைத்தது யார்? என் முதுகு போன பிறகுதானே அம்மாவை அங்கே விட்டோம். அரசாங்கக் காசு வாங்கியா பெற்ற தாயைப் பார்ப்பது என்று அண்ணா சொன்னதும், தலையாட்டிவிட்டு உதவிப்பணத்துக்கும் விண்ணப்பிக்காமல் இருந்தேன். அந்த மடத்தனம் என்னுடையது. ஆனால் நேர்சிங் ஹோமில் சேர்த்தபோது படிவத்தை நிரப்பியது அண்ணா கதிர்காமநாதன். உயிலை நிறைவேற்றும் பொறுப்பும் அவருக்குத்தான். இருபத்தெட்டு நாட்களுக்குள் அவர் திருத்திக் கடிதம் கொடுத்தால் மறுபடி பார்ப்பார்களாம்.

அடுத்த சனிக்கிழமையே விமானம் ஏறி, மெல்போர்னில் மல்கிரேவில் இருக்கும் அண்ணா வீட்டுக்குப் போனேன்.

"ஏன் அண்ணா பராமரிக்கிற ஆள் இல்லையெண்டு எழுதினீங்கள்?"

"கெயரர் எண்டா கூலிக்கு வாற ஆள். பெத்த மகளை அப்பிடி எழுதுறதோ? சனம் என்ன சொல்லும்?"

அரசாங்கப் படிவத்தை எந்தச் சனம் வாசிக்கிறது?

"சரி, இப்ப மாத்தி எழுதித் தாங்கோ."

"அப்ப நான் முதல் பொய் எழுதினதெண்டு ஆகாதோ? நான் ஒரு அக்கவுண்டன்ட். என்ர பேர் என்னாகிறது?" கதிரையில் சாய்ந்துகொண்டார். "நீ தனி ஆள்தானே, வசந்தினி. வித்துக் கட்டினாப் பிறகு மிச்சத்தில பாதி உனக்கு வரும். ஒரு சின்ன யுனிட் வீடு எடுத்து இரு. இவ்வளவு காலமும் வீட்டில சும்மாதானே இருந்தனி."

"சும்மாவோ? நீங்கள் ஒருநாள் அம்மாவுக்குப் பம்பர்ஸ் மாத்தினனீங்களோ? வருவீங்கள், பக்கத்தில நிண்டு போட்டோ எடுப்பீங்கள், பிளேனுக்கு நேரமாச்சுதெண்டு ஓடுவீங்கள்!"

"கத்தாதை. நான் எழுதமாட்டன்."

அண்ணி மயூரா குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினேன்.

"சரி அண்ணா. உங்கட பேர் கெட வேண்டாம். வீட்டை வித்துப்போடுங்கோ. நான் இஞ்ச வந்து இருக்கிறன். மேல ரெண்டு அறை வெறுமனே கிடக்கு. எனக்கும் முதுகு ஏலாது, ஆராவது பாக்கத்தானே வேணும்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"இஞ்சருங்கோ, ஒருக்கா வாங்கோ," என்றார் அண்ணி.

அண்ணா உள்ளே போனார். இரண்டு நிமிடம் குசுகுசுப்பு. திரும்பி வந்தபோது கையில் தாளும் பேனாவும் இருந்தன. அவருடைய நல்ல பெயர் எந்தப் பக்கம் போனதோ தெரியவில்லை. தங்கை வேலையை விட்டு, முழுநேரமும் கூடவே இருந்து தாயைப் பராமரித்தாள், முன்பு எழுதியது என் தவறு என்று மளமளவென்று ஆங்கிலத்தில் எழுதினார். ஒரே ஓரிடத்தில்தான் பேனா நின்றது.

"அம்மா விழுந்தது எந்த வருஷம்?"

சொன்னேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று அண்ணி வாசல்வரை வந்தார். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை நான். வீடு இனித் தப்பினாலும் தப்பும். அந்த மனிதரை அண்ணா என்று கூப்பிட மட்டும் எனக்கு இனி வாய் வராது.